டிராக் டேக்குக் கூட்டம் சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிராக் டேக்கு, அதாவது ரேஸ் டிராக்கில் பந்தயம் இல்லாமல் அவரவர் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, ஆள் குறைந்துவிட்டால் கார் கிளப் கமிட்டியில் இரண்டு யோசனைகள்தான் முதலில் வரும்: "ஃபீஸைக் குறைப்போம்", "இன்ஸ்டாவில் இன்னும் நாலு ரீல் போடுவோம்". பெரும்பாலும் இரண்டுமே தப்பான மருந்து. ஆள் எந்தப் படியில் நழுவுகிறார் என்று பார்க்காமல் இரண்டில் எதைச் செய்தாலும் பணம்தான் போகும்.

சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கை ஒரு ஞாயிறு வாடகைக்கு எடுத்து, 40 முதல் 45 தெருக் கார்களை ஓடவிடும் கிளப்பை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்துபவர்களுக்கும் அப்படியே பொருந்தும். கணக்கு மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கீழே வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் டிராக் கேட்கிற வாடகையைப் போட்டு நீங்களே திருப்பிக் கணக்கிடுங்கள்.

முதலில் ஐந்து எண்கள்

கடைசி மூன்று டிராக் டேக்களுக்கும் இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள்: வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர், "வர்றேன்" என்றவர்கள் எத்தனை, பணம் கட்டியவர்கள் எத்தனை, அன்று காலை கேட்டுக்குள் வந்த கார்கள் எத்தனை, அவர்களில் அடுத்த முறையும் வந்தவர்கள் எத்தனை.

எந்த இரண்டு எண்களுக்கு நடுவே பெரிய பள்ளம் விழுகிறதோ, கோளாறு அங்கேதான். குழுவில் 300 பேர் இருந்து 20 பேர்கூட "வர்றேன்" என்று சொல்லவில்லையென்றால் தேதி, பயம், "இது அவங்க கூட்டம்" என்ற எண்ணம், இம்மூன்றில் ஒன்று. சொல்லிவிட்டுப் பணம் கட்டாவிட்டால் அறிவிப்பில் ஓட்டை. பணம் கட்டிவிட்டு வராவிட்டால் வண்டி தயாராகவில்லை. வந்துவிட்டு மறுமுறை எட்டிப்பார்க்காவிட்டால் அன்றைய நாளை நீங்கள் ஒழுங்காக நடத்தவில்லை. கடைசியில் சொன்னதை ஒப்புக்கொள்ளத்தான் எந்தக் கமிட்டிக்கும் மனம் வராது.

அறிகுறி 1: "வர்றேன் ப்ரோ" 60 பேர், பணம் கட்டியது 14 பேர்

கட்டைவிரல் இமோஜி போடுவதற்குச் செலவில்லை. அதனால் குழுவில் போல் (வாக்கெடுப்பு) வைத்து ஆள் எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். அந்த எண்ணிக்கையை நம்பி டிராக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தால் கையைக் கடிக்கும்.

பணம் கட்டாததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தெரியாததுதான் பெரும்பாலும் காரணம். கட்டணம் 9,500 என்று போடுகிறீர்கள். படிப்பவர் மனதில் உடனே பெட்ரோல், டயர், பிரேக், ஹெல்மெட் என்று ஓடுகிறது. ஒன்றுக்கும் தொகை தெரியாததால் "எப்படியும் முப்பதாயிரம் ஆகிவிடும்" என்று தானே ஒரு கணக்குப் போட்டு ஒதுங்கிவிடுகிறார். அந்தக் கணக்கை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"ஞாயிறு, இருங்காட்டுக்கோட்டை. கேட் திறப்பு காலை 6:15, ஓட்டுநர் கூட்டம் 7:15, முதல் செஷன் (ஒரு குழு டிராக்கில் ஓட்டும் முறை) 7:45. மொத்தம் 45 கார். அனுபவத்தைப் பொறுத்து ஏ, பி, சி என மூன்று குழு, குழுவுக்கு 15. கட்டணம் 9,500. இதில் அடக்கம்: டிராக், மார்ஷல்கள் (டிராக் ஓரம் நின்று கொடி காட்டுபவர்கள்), ஆம்புலன்ஸ், ரெக்கவரி வண்டி, ஓட்டுநரோடு ஒருவருக்குக் காலை, மதிய உணவு. இதில் சேராதது: பெட்ரோல் (சின்ன ஹேட்ச்பேக்குக்கு 25 முதல் 30 லிட்டர்), ஹெல்மெட் வாடகை, உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம். முதல் முறை வருகிறவர்கள் சி குழு. பயிற்றுநர் பக்கத்தில் உட்காருவார்."

பெட்ரோல் அளவு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். டிராக் ஒரு சுற்று 3.717 கி.மீ. ஒரு செஷனுக்கு ஆறு சுற்று, ஆறேழு செஷன் என்றால் 135 முதல் 155 கி.மீ. வரும். ரோட்டில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிற வண்டி டிராக்கில் ஐந்து, ஆறுதான் கொடுக்கும். டேங்க் நிறைய அடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கால் டேங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி எஞ்சின் திக்கும். வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து அவர் மிச்ச நாளை பேடாக்கிலேயே (கார்கள் காத்து நிற்கும் இடம்) கழித்துவிடுவார்.

அடுத்தது, இடம் தீரும் என்ற உணர்வு. கட்டணத்தை மூன்று படியாக வையுங்கள்: முதல் 15 இடம் 8,500, அடுத்த 20 இடம் 9,500, கடைசி 10 இடம் 11,000. படியைத் தேதியோடு கட்டாதீர்கள், இட எண்ணிக்கையோடு கட்டுங்கள். தேதியோடு கட்டினால் எல்லாரும் கடைசி நாள் இரவு 11:50-க்கு வருவார்கள். அதுவரை உங்களுக்குத் தூக்கம் இருக்காது. பணம் கட்டியவர்களின் பட்டியலைக் காரின் பெயரோடு குழுவில் பின் செய்து வையுங்கள்: "1. ஸ்விஃப்ட், 2. போலோ, 3. ஐ20 என்.லைன்..." தன்னைப் போன்ற வண்டி அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்ப்பது ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் தள்ளுபடியைவிடப் பெரிய தைரியம்.

பணம் போகிற இடம் கிளப் பெயரிலுள்ள கணக்காக இருக்கட்டும். பொருளாளரின் சொந்த ஜி.பே. நம்பரைக் கொடுத்தால் புதிதாக வருபவர் தயங்குவார். தயங்குவதில் தப்பும் இல்லை. ரத்து விதியை நாலு வரியில் எழுதிவிடுங்கள். 14 நாளுக்கு முன்பு சொன்னால் முழுப் பணம் திரும்பும். 3 நாளுக்கு முன்புவரை இடத்தை இன்னொருவருக்கு மாற்றலாம். அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. டிராக் நிர்வாகமே மூடினால் பணம் அடுத்த தேதிக்குப் போகும். தூறலுக்கு ரத்து இல்லை என்பதையும் இங்கேயே சொல்லுங்கள். ஈரத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுவது சி குழுவுக்கு நல்ல பாடம்.

அறிகுறி 2: அறிவிப்பைப் பார்த்துவிட்டு யாரும் வாயே திறக்கவில்லை

காலண்டரை எடுங்கள், தினசரிக் காலண்டரை. ஆங்கில மாதத்தை மட்டும் பார்த்துத் தேதி வைப்பதுதான் நம் ஊர் கிளப்புகள் அடிக்கடி செய்யும் தப்பு. முகூர்த்த நாளில் டிராக் டே வைத்தால் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். வைகாசி, ஆவணி, தை ஞாயிறுகள் ஆபத்து.

ஆடியில் கல்யாணம் இல்லை. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஞாயிறுகள் காலியாகக் கிடக்கும். சென்னையில் அப்போது மாலை இடிமழைக்கு வாய்ப்புண்டு. காலை 7:45-க்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிட்டால் தப்பித்துவிடலாம். மார்கழியின் பின்பாதி, அதாவது பொங்கலுக்கு முந்தைய ஜனவரி ஞாயிறுகள், இன்னும் நல்லது: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் குறைவு, எஞ்சினும் டயரும் நிதானமாகச் சூடாகும். புரட்டாசியிலும் கல்யாணத் தொந்தரவு கிடையாது. ஆனால் அந்த மாதத்தில் பிரியாணி போட்டுக் கூட்டம் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தவிர்க்க வேண்டியவை: அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம்வரை மழை. மார்ச், ஏப்ரலில் பொதுத் தேர்வு. பிள்ளைகள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற வீட்டில் அப்பாவுக்கு அனுமதி கிடைக்காது. மே மாதம் கத்திரி வெயில். நீண்ட வார இறுதியில் எல்லாரும் ஏற்காட்டுக்கோ மூணாறுக்கோ கிளம்பியிருப்பார்கள். தேசியப் பந்தயச் சுற்றுகளுக்கான வார இறுதிகளை டிராக் முதலில் ஒதுக்கிவிடும். ஆகவே வருட ஆரம்பத்திலேயே டிராக் அலுவலகத்தில் பேசி, ஒரே மூச்சில் இரண்டு தேதி பிடித்துவிடுங்கள். பிடித்த தேதியைக் குறைந்தது பத்து வாரம் முன்பே அறிவியுங்கள். பதிவைச் சம்பளம் வந்த முதல் வாரத்தில் திறங்கள். 25-ஆம் தேதி திறந்த பதிவுக்கு யாரிடமும் பணம் இருக்காது.

அறிகுறி 3: ஆசை இருக்கிறது, "என் வண்டி தாங்குமா?" என்று பின்வாங்குகிறார்கள்

கிளப்பின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இந்த வகைதான். மாதத் தவணை இன்னும் முடியாத, திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் அதே காரில் போகவேண்டிய ஆட்கள். அவர்களிடம் போய் "கோயிலோவர் போடணும், செமி ஸ்லிக் போடணும்" என்று பந்தய சஸ்பென்ஷன், பந்தய டயர் பற்றிப் பழைய ஆட்கள் குழுவில் அளந்துகொண்டிருந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? முதல் டிராக் டேக்கு ஒரு ஸ்டாக் வண்டிக்கு எதையும் மாற்றிப் பொருத்தத் தேவையில்லை. பராமரிப்பு மட்டும் சரியாக இருந்தால் போதும். அந்தப் பட்டியலை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்:

பிரேக் ஆயில். இதுதான் முதல் இடம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். டிராக்கில் சுற்றுக்குச் சுற்று பலமாகப் பிரேக் பிடிக்கும்போது காலிப்பரில் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) சூடு ஏறி, ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அழுங்கும், ஆயில் அழுங்காது. மிதித்தால் பெடல் மெத்தென்று தரைக்குப் போகும். ஓராண்டுக்கு மேலான ஆயில் என்றால், ஒரு லிட்டர் புது டாட் 4 வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும்வரை பிளீட் செய்யச் சொல்லுங்கள். மேலே ரிசர்வாயரில் மட்டும் ஊற்றி நிரப்புவது ஏமாற்று வேலை. சில சர்வீஸ் கடைகளில் அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள்.

பிரேக் பேட். முன் பேடில் பாதிக்கு மேல் கனம் இருக்கட்டும். பாதிக்குக் கீழே போன பேட் சூட்டைத் தடுக்காது, நேரே ஆயிலுக்கு அனுப்பும்.

டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருஷத்துக்கு மேலானதை, பட்டன் (டயரின் மேல் தடம்) எவ்வளவு இருந்தாலும், ஏற்காதீர்கள். காற்று, கதவில் ஒட்டியிருக்கும் அளவிலேயே தொடங்கட்டும். முதல் செஷன் முடிந்து வந்ததும் அளந்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், அதை நான்கு டயரிலும் ஒரே சீராக இறக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப நிரப்ப பேடாக்கில் ஒரு கம்ப்ரஸர் வையுங்கள். இல்லாவிட்டால் குறைந்த காற்றோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் போவார்கள்.

வீல் நட்டு. மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பேனர்) முறுக்கவும்; முதல் செஷனுக்குப் பிறகு வீல் ஆறியதும் ஒருமுறை சரிபார்க்கவும்.

மிச்சம் சின்னவை: எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டில் இருக்கட்டும், கூலன்ட் கசிவு கூடாது, பேட்டரி கிளாம்ப் ஆடக் கூடாது, டோ ஹூக் (வண்டியை இழுக்க மாட்டும் கொக்கி) டிக்கியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் காலடியில் கிடக்கும் மேட்டைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். கதவுப் பையிலுள்ள தண்ணீர் பாட்டிலையும்தான். அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் மேலே சொன்ன எந்தப் பராமரிப்பும் உதவாது.

டிராக்கிலிருந்து உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது என்பதை முதல் முறை வருபவர்களிடம் மூன்று தடவையாவது சொல்லுங்கள். சூடான பேட் டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும். டிரம்மும் அப்படியே பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே கல்லோ கட்டையோ வைத்தால் போதும். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி வந்தால் பாதிப் பிரச்சினை வராது.

சி.வி.டி. (படியில்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாலைந்து வேகச் சுற்று தொடர்ந்தால் சூடேறி வண்டி தானாகவே சக்தியைக் குறைக்கலாம், ஆறவிட்டால் சரியாகிவிடும். உயரமான எஸ்.யூ.வி.களை ஏற்பதா இல்லையா என்பதை அறிவிப்பிலேயே போடுங்கள். கேட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அவர் மட்டுமல்ல, அவர் சொல்லிக் கேட்ட பத்துப் பேரும் போய்விடுவார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி மழுப்பாதீர்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்குக் காப்பு இல்லை என்று எழுதியிருக்கும். "இது ரேஸ் இல்லையே, டைமிங் இல்லையே" என்று வாதாடலாம். கிளைம் கிடைக்கும் என்று மட்டும் யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். இடித்தால் செலவு சொந்தக் கையிலிருந்து என்று நேராகச் சொன்ன பிறகும் வருகிறவர் ஜாக்கிரதையாக ஓட்டுவார். ஓட்டுநர்களுக்கு ஒருநாள் விபத்துக் காப்பீடு வாங்குவதாக இருந்தால், ஏஜென்ட் வாய்ச் சொல்லை விட்டுவிட்டு விலக்குப் பட்டியலை வாங்கிப் படித்த பிறகு வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தயங்குகிறவருக்கு ஒரு வாசல்: மதிய இடைவேளையில் 20 நிமிடம் பேரேட் சுற்று. முன்னால் கிளப் வண்டி, முந்துவது கிடையாது, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் இல்லை, ஹெல்மெட் வேண்டாம், கட்டணம் 1,000. தன் வண்டியோடு டிராக்கில் ஒருமுறை கால் வைத்தவர்களில் கணிசமானவர்கள் அடுத்த முறை சி குழுவில் பணம் கட்டுவார்கள்.

அறிகுறி 4: வீட்டில் விடவில்லை

இதைக் கமிட்டி நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளும். நகைச்சுவை அல்ல. ஞாயிறு முழுக்க ஒருவரைக் குடும்பத்திலிருந்து பிரிக்கிறீர்கள். அதுவும் ஆபத்தான விஷயம் என்று வீட்டார் நினைக்கும் ஒன்றுக்கு.

நிழல், சுத்தமான பெண்கள் கழிப்பறை, உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். இந்த நான்கும் இருந்தால் குடும்பமே வரும். கழிப்பறையை முதல் நாள் சாயங்காலமே போய்ப் பார்த்து, சுத்தம் செய்ய ஒரு ஆளை நாள் முழுக்க நிறுத்துங்கள். பார்வையாளர்கள் நிற்கும் இடத்தையும் பிட் லேனையும் (கார்கள் டிராக்குக்குள் போய்வரும் பாதை) கயிறு கட்டிப் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் பிட் லேனுக்குள் ஓடிவந்தால் அதற்குப் பிறகு உங்களுக்கு டிராக்கே கிடைக்காது. ஆம்புலன்ஸும் டாக்டரும் நிற்கும் படத்தை முந்தைய நிகழ்ச்சியிலிருந்து எடுத்துப் போடுங்கள். டயர் புகை கக்கும் ரீலைப் பார்த்து அம்மாக்கள் அனுமதி தருவதில்லை.

அறிகுறி 5: ஒவ்வொரு முறையும் அதே பன்னிரண்டு முகம்

பழையவர்கள் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். புதிதாக வந்தவர் தன் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு மருந்து ஒரு சிறு விதி: ஒவ்வொரு புது ஆளுக்கும் ஒரு பழைய ஆள் பெயர் சொல்லி ஒதுக்கப்பட வேண்டும். முதல் நாளே போன் செய்வது, காலையில் பார்க்கிங்கில் பக்கத்து இடம் பிடித்து வைப்பது, முதல் செஷனுக்குப் பிறகு டயர் காற்று பார்த்துக் கொடுப்பது, இம்மூன்றும் அவர் பொறுப்பு.

45 இடத்தில் 15-ஐப் புது ஆட்களுக்கென்றே பூட்டி வையுங்கள், இரண்டு வாரம் முன்புவரை. பழையவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஒரே கம்பெனி கார்களுக்கான கிளப் என்றால் கதவைக் கொஞ்சம் திறக்கலாம். ஒரு கம்பெனி கார் வைத்திருப்பவர்களை மட்டும் வைத்து 45 இடம் நிரப்புவது கஷ்டம். இன்னொரு கிளப்போடு பாதி வாடகை பகிர்ந்துகொண்டு, காலை நமக்கு, மதியம் அவர்களுக்கு என்று பிரித்தாலும் சரி. இரண்டும் சேர்ந்து மூன்று குழுவாக ஓடினாலும் சரி. பைக் கிளப்போடு சேர்ந்தால் மட்டும் ஒரே செஷனில் இரண்டையும் விடவே கூடாது; வளைவில் இரண்டின் பாதையும் பிரேக் பிடிக்கும் இடமும் வேறு வேறு.

அறிகுறி 6: பணம் கட்டியவர் 42, கேட்டுக்குள் வந்த கார் 33

கடைசி வாரத்தில் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டு, சனிக்கிழமை சாயங்காலம் "பேட் ஸ்டாக் இல்லை சார்" என்று மெக்கானிக் சொல்லும்போதுதான் இது நடக்கிறது. அதனால் பரிசோதனையை டிராக்கில் வைக்காமல், இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை நாள் முழுக்கக் கிளப்புக்குத் தெரிந்த கராஜில் வையுங்கள். ஒரு காருக்கு 15 நிமிடம், ஒரு லிஃப்ட், இரண்டு பேர். பிரேக் ஆயில், பேட், டயர் தேதி, பால் ஜாயின்ட் (சக்கர மூட்டு) ஆட்டம், கசிவு. தேறியதற்கு ஸ்டிக்கர். தேறாதவருக்கு என்ன வாங்க வேண்டும் என்று பார்ட் பெயரோடு எழுதிக் கொடுத்தால் வாங்கிப் போட இரண்டு வாரம் இருக்கிறது. டிராக்கில் அன்று காலை வீல் நட்டு, லூஸ் பொருட்கள், ஹெல்மெட் பார்த்தால் போதும். கேட்டில் வரிசையும் குறையும்.

ஹெல்மெட் இல்லாததாலும் ஆள் வருவதில்லை. கிளப் காசில் பெரிய அளவு, நடு அளவு என்று எட்டு முழுமுக ஹெல்மெட் வாங்கி, உள்ளே போட்டுக்கொள்ள ஒருமுறை உபயோகிக்கும் துணித் தொப்பியோடு வாடகைக்கு விடலாம். பருத்தி முழுக்கால் பேன்ட், கட்டும் ஷூ என்பதையும் நினைவூட்டுங்கள். லுங்கியும் செருப்புமாக ஒருவர் நிச்சயம் வந்து நிற்பார்.

நினைவூட்டல் மூன்று போதும்: 14 நாள் முன்பு, 3 நாள் முன்பு, முந்தின நாள் மாலை 5 மணிக்கு. கடைசிச் செய்தியில் கேட்டின் கூகுள் மேப் குறி, கேட் நேரம், வழியில் எந்த பங்கில் டேங்க் நிரப்பலாம் என்ற மூன்று மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி 7: ஒருமுறை வந்தவர் மறுபடி வரவில்லை

காரணம் ஒன்றுதான்: கொடுத்த பணத்துக்கு ஓட்டியது போதவில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று மூன்றே மூன்று செஷன் ஓட்டிவிட்டுப் போனவர் "நல்லாருந்துச்சு ப்ரோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்ப வரமாட்டார்.

கணக்குப் பாருங்கள். காலை 7:45 முதல் மதியம் 3 மணிவரை, உணவுக்கு 45 நிமிடம் கழித்தால் 390 நிமிடம். மூன்று குழு என்றால் குழுவுக்கு 130. 20 நிமிடக் கட்டமாகப் பிரித்தால் ஆளுக்கு ஆறு செஷன். ஒவ்வொரு கட்டத்திலும் பழைய கார்கள் உள்ளே வர, புதியவை வெளியே போக, ஐந்து நிமிடம் போய்விடும். கையில் கிடைப்பது 15. தெருக் கார் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் நிமிடம் எடுத்தால் ஆறு சுற்று. முதலும் கடைசியும் மெதுவான சுற்று. நிஜமாக ஓட்டுவது நான்கு சுற்று. இந்தக் கணக்கில் ஒரு காரை மணலிலிருந்து இழுக்கப் பத்து நிமிடம் போனால் ஒரு குழுவின் ஒரு செஷன் அப்படியே செத்துவிடும்.

ஆகவே கவனம் போக வேண்டிய இடம் அந்த ஐந்து நிமிடம். அடுத்த குழுவைச் செஷன் முடிய ஐந்து நிமிடத்துக்கு முன்பே பிட் லேனில் வரிசையாக, சீட் பெல்ட், ஹெல்மெட் போட்டு நிறுத்தி வைக்க ஒரு ஆள் வேண்டும். மைக்கில் கத்தினால் வேலைக்காகாது. கையில் பட்டியலோடு ஒருவர் நடந்துபோய் ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்ட வேண்டும். செஷன் முடிந்ததைக் காட்டும் செக்கர் ஃபிளாக் விழுந்து கடைசிக் கார் உள்ளே நுழைந்த நிமிடமே முதல் கார் வெளியே போகிறதென்றால், ஒவ்வொரு செஷனிலும் இரண்டு நிமிடம் மிச்சம். நாள் முழுக்க அது ஆளுக்கு ஐந்து சுற்று.

இன்னொரு திருட்டு, குழுப் பிரிப்பு. காரின் குதிரைசக்தியை வைத்துக் குழு பிரிக்காதீர்கள். 300 குதிரைசக்தி வண்டியில் முதல்முறை வருகிறவர் நேர்ச்சாலையில் பறந்துவிட்டு வளைவில் நிற்பார். பின்னால் வரும் பழைய ஸ்விஃப்ட்காரர் ஒரு செஷன் முழுக்க அவர் பம்பரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அனுபவத்தை வைத்துப் பிரியுங்கள். இரண்டாவது செஷனுக்குப் பிறகு தயங்காமல் ஆளை மாற்றுங்கள். குழுவுக்கு 15 கார் என்பதும் கணக்கோடுதான்: 3.717 கி.மீ.யில் 15 கார் என்றால் சராசரியாக 250 மீட்டருக்கு ஒன்று. கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ.தான். அங்கே 15 விட்டால் 140 மீட்டருக்கு ஒன்று வரும், நெரிசல். ஒன்பது, பத்தோடு நிறுத்துங்கள்.

சிவப்பு ஃபிளாக் அடிக்கடி விழுகிறதா? காலைக் கூட்டத்தில் ஃபிளாக்கைச் சொல்லிக் கொடுத்த விதத்தைப் பாருங்கள். மஞ்சள்: வேகம் குறை, முந்தாதே. சிவப்பு: நிதானமாக வேகம் குறைத்து, முந்தாமல் பிட்டுக்குள் வா, சட்டென்று பிரேக் அடிக்காதே. நீலம்: பின்னால் வேகமான கார், வழிவிடு. கறுப்பு: நீதான், உள்ளே வா. செக்கர்: செஷன் முடிந்தது. நிஜ ஃபிளாக்கை ஆட்டிக் காட்டி, கூட்டத்தில் மூன்று பேரைக் கேள்வி கேளுங்கள். சி குழுவில் முந்துவது நேர்ச்சாலையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பக்கத்தில் மட்டும். கூட்டத்துக்கு வராதவருக்குக் கைப்பட்டை கிடையாது. கைப்பட்டை இல்லாதவருக்கு டிராக் கிடையாது. தலைவரின் மைத்துனருக்கும் இதே விதிதான்.

மதியத்துக்குப் பிறகு பேடாக் காலியாகிறதென்றால் வெயிலைத் திட்டிப் பயனில்லை. நிகழ்ச்சியை முன்னால் தள்ளுங்கள்: உணவுக்கு முன் நான்கு செஷன், பின் இரண்டு. சி குழுவின் கடைசி இரண்டையும் பயிற்றுநர் ஓட்ட, உறுப்பினர் பக்கத்தில் உட்காரும் செஷனாக மாற்றினால் களைத்துப்போனவரும் நிற்பார். அவர் வண்டி பிரேக்கும் ஆறும்.

கட்டணத்தைக் குறைத்தாலென்ன?

டிராக், ஆம்புலன்ஸ், மார்ஷல்கள் என்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போகிற செலவு 2,40,000. காருக்குக் காராக ஆகும் செலவு 1,200 என்று வைத்துக்கொள்வோம். 9,500 வாங்கினால் காருக்கு 8,300 நிற்கும்; 29 கார் வந்தால் கையைக் கடிக்காது. 8,000 ஆகக் குறைத்தால் 6,800தான் நிற்கும். 36 கார் வேண்டும். 1,500 ரூபாய் தள்ளுபடி கொடுத்துவிட்டு ஏழு காரைக் கூடுதலாகத் தேடி ஓட வேண்டும், அதே இடத்தில் நிற்பதற்கு. முன்னே சொன்ன மூன்று படிக் கட்டணத்தில் 31-ஆவது காரில் செலவு வந்துவிடும். 45 நிரம்பினால் 1,33,500 மிஞ்சும். அதை ஹெல்மெட்டுக்கும் அடுத்த தேதியின் அட்வான்ஸுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

21 நாளுக்கு முன்பு பணம் கட்டியவர்கள் 20-ஐத் தாண்டவில்லையென்றால் நம்பிக்கையோடு காத்திருக்காதீர்கள். அரை நாள் வாடகை கிடைக்குமா என்று கேளுங்கள், அல்லது இன்னொரு கிளப்புக்குப் போன் போடுங்கள். டிராக்கோடு ஒப்பந்தம் போடும்போதே இந்த 21 நாள் விதியை அதில் எழுதி வாங்கியிருந்தால் தான் இது நடக்கும்.

சின்னக் கோளாறுகள்

போட்டோ கேட்டு நச்சரிப்பு: ஒரே ஒரு போட்டோகிராபரை வளைவில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு காருக்கும் மூன்று படம் கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தை அவர் தன் நண்பர்களுக்குக் காட்டுவதைவிடப் பெரிய விளம்பரம் உங்களால் செய்ய முடியாது.

டைமிங் வேண்டும் என்ற கோரிக்கை: ஏ குழுவைத் தவிர வேறு யாருக்கும் லேப் டைம் கொடுக்காதீர்கள். நேரம் கையில் கிடைத்த நிமிடமே டிராக் டே பந்தயமாகிவிடும்; இன்ஷூரன்ஸ் வாதமும் அதோடு போய்விடும்.

அடுத்த தேதிக்குப் பதிவு மந்தம்: அடுத்த தேதியை இன்றே, சாப்பாட்டுப் பந்தியில் அறிவியுங்கள். அங்கேயே க்யூ.ஆர். பலகையை வைத்து, அன்று கட்டுகிறவர்களுக்கு முதல் படி விலை என்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் படங்கள், தொலைந்த பொருட்கள் பட்டியல், ஒவ்வொரு சி குழு ஆளுக்கும் பயிற்றுநர் எழுதிய இரண்டு வரி. "மூன்றாவது வளைவில் சீக்கிரமே உள்ளே திரும்பிவிடுகிறீர்கள், பிரேக்கை இன்னும் பத்து மீட்டர் முன்பே விடுங்கள்" என்று எழுதினால் போதும். அதைச் சரிசெய்து பார்க்க அவருக்கு இருக்கிற ஒரே இடம் உங்கள் அடுத்த ஞாயிறுதான்.